பெங்களூரு பக்கம் திராட்சை போட்டவர்களுக்கு: சாம்பல் நோய்களைத் தாண்டி வைன் ஆலை வரை

தொட்டபள்ளாபுரம் பக்கம் ஒரு ஏக்கர் 'பெங்களூர் புளூ' திராட்சைத் தோட்டத்தை நானும் என் மச்சானும் சேர்ந்து வாங்கி மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் ஆறு டன்தான் எடுத்தோம். அதிலும் ஒரு லோடை வைன் ஆலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன வருடம் அதே கொடியில் பதினொரு டன் வந்தது. மண்ணும் தண்ணீரும் மாறவில்லை. அடிச்சாம்பல் நோயும் சாம்பல் நோயும் எப்போது வரும், எதற்கு அடங்கும் என்று தெரிந்துகொண்டோம், அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து வார இறுதியில் போய்த் தோட்டம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் கூடிக்கொண்டே வருகின்றன. நாங்கள் பட்டதை அவர்கள் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்த நோய் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

எங்கள் முதல் தவறு இங்கேதான். அக்டோபர் கடைசியில் இளம் இலைகளின் மேல்பக்கம் எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் வட்டங்கள் வந்தன. சத்துக் குறைவு என்று நினைத்தோம். மருந்துக் கடையிலும் அதையே சொல்லி நுண்ணூட்டக் கலவை ஒன்றைக் கொடுத்தார்கள். கூடவே யூரியாவும் போட்டோம். ஒரு வாரத்தில் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக் கவுடர் வந்து பார்த்துவிட்டு, "சார், இலையைத் திருப்பிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். திருப்பினால் அடியில் வெள்ளைப் பஞ்சு.

அதுதான் அடிச்சாம்பல் நோய். இங்கே எல்லோரும் 'டவுனி' என்றே சொல்வார்கள். மேலே எண்ணெய்ப் பொட்டு, நேர் அடியில் வெள்ளைப் பஞ்சு. மழையும் இலையில் நிற்கும் ஈரமும்தான் இதற்கு உயிர். இலை மட்டுமில்லாமல் பூங்கொத்தையும் பிஞ்சையும் சேர்த்துப் பிடிக்கும்.

சாம்பல் நோய் வேறு. கன்னடத்தில் 'பூதி ரோகா'. இலையின் மேல்பக்கமும் காயின் மேலும் விபூதி தூவியது போல இருக்கும், விரலால் தேய்த்தால் ஒட்டும். இது பரவ மழை தேவையில்லை. மிதமான வெயில், மப்பு மந்தாரம், அடர்ந்த பந்தல் நிழல் போதும். காயில் விழுந்தால் தோல் இறுகும். உள்ளே சதை பருக்கும்போது காய் வெடித்து விதை வெளியே தெரியும்.

இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அடிச்சாம்பலை உண்டாக்கும் கிருமி உண்மையில் பூஞ்சை இனமே அல்ல, நீர்வாழ் பாசிகளுக்கு உறவு. அதனால் சாம்பல் நோய்க்கு அடிக்கும் கந்தகமும் ஹெக்ஸாகோனசோலும் அடிச்சாம்பலை ஒன்றும் செய்யாது. பெயரில் 'சாம்பல்' இருக்கிறதே என்று ஒரே மருந்தை இரண்டுக்கும் அடித்துப் பணத்தைக் கரைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. பொட்டு விழுந்த இலையைப் பறித்து, ஈரமான பஞ்சோடு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, இரவு முழுக்க இருட்டான இடத்தில் வையுங்கள். காலையில் பொட்டின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் டவுனிதான். செலவே இல்லாத இந்தச் சோதனை முதல் வருடம் தெரிந்திருந்தால் எங்களுக்குப் பாதி விளைச்சல் போயிருக்காது.

அப்படியும் தெளியவில்லை என்றால் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாதிரி எடுத்துப் போங்கள். இலையைக் காகித உறையில் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் பையில் கொண்டுபோனால் வழியிலேயே அழுகிவிடும்.

2. கவாத்துத் தேதியை வானம் பார்த்து முடிவு செய்யுங்கள்

கவாத்தை, அதாவது கொடியின் கொம்புகளை வெட்டிவிடுவதை, இங்கே 'சாட்னி' என்பார்கள். கூலியாட்கள் "சாட்னி எப்போ?" என்று கேட்டால் குழம்ப வேண்டாம்.

பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும்தான் நல்ல மழை மாதங்கள். பழத்துக்கான கவாத்தும் அதே சமயத்தில்தான் வருகிறது. கவாத்து முடிந்து பத்து நாளில் துளிர் வரும். இரண்டு மூன்று இலை விட்ட துளிரில் தொடர்ந்து மழை விழுந்தால் டவுனிக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. 'பெங்களூர் புளூ' பறவைக்கண் நோயை (காயில் கண் போலப் புள்ளி விழும் இன்னொரு நோய்) தாங்கும் ரகம், ஆனால் டவுனிக்குத் தாங்காது. "நாட்டு ரகம், ஒண்ணும் ஆகாது" என்று விற்பவர் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

நாங்கள் இப்போது செய்வது இது. மேகதூத் செயலியைக் கைபேசியில் வைத்திருக்கிறோம். இந்திய வானிலைத் துறையின் விவசாய அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் அதில் வரும், தமிழிலும் படிக்கலாம், காசு கிடையாது. அடுத்த ஐந்து நாளுக்குப் பெரிய மழை இல்லை என்று பார்த்த பிறகே கத்தரியை எடுக்கிறோம். ஒரு ஏக்கரையும் ஒரே நாளில் வெட்டாமல் அரை ஏக்கர் இந்த வாரம், மீதி பத்து நாள் கழித்து. ஒரு பாதி மழையில் மாட்டினாலும் மறு பாதி தப்பும். அறுவடையும் பிரிந்து வருவதால் ஆள் கிடைப்பது எளிது.

ஆனால் வைன் ஆலையோடு பேசியிருந்தால், அவர்கள் எந்த வாரம் பழம் எடுக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, அதிலிருந்து நான்கு முதல் நாலரை மாதம் பின்னால் எண்ணிப் பாருங்கள்.

3. கவாத்து நாளிலேயே தோட்டத்தைக் கூட்டுங்கள்

வெட்டிய கொம்பு, உதிர்ந்த இலை, காய்ந்து தொங்கும் பழைய கொத்து எல்லாவற்றையும் அன்றைக்கே தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். டவுனி போன பருவத்து இலைச் சருகிலும், சாம்பல் நோய் மொட்டுக்குள்ளும் பட்டையிலும் காத்திருக்கும். இதற்கு இரண்டு ஆள், ஒரு நாள். கூலி மிச்சம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

4. போர்டோ கலவையை நீங்களே கலக்குங்கள்

கவாத்து முடிந்து சுத்தம் செய்தவுடன் முதல் தெளிப்பு இதுதான். தண்டு, கிளை, பந்தல் கம்பி எல்லாம் நனைய வேண்டும். ஒரு சதவீதக் கலவைக்குக் கணக்கு: 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, நல்ல சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ.

மயில்துத்தத்தை முந்தின இரவே துணியில் முடிந்து 50 லிட்டர் தண்ணீரில் தொங்கவிடுங்கள், காலைக்குள் கரைந்துவிடும். இன்னொரு டிரம்மில் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, வடிகட்டி, 50 லிட்டராக்குங்கள். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை திரிந்து அடியில் தங்கிவிடும். டிரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இரும்போ அலுமினியமோ வேண்டாம்.

கலக்கி முடித்ததும் பளபளப்பாகத் தீட்டிய கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இன்னும் சுண்ணாம்புத் தண்ணீர் சேருங்கள். படிவது நிற்கும் வரைக்கும் செடியில் அடிக்கக் கூடாது, துளிர் கருகிவிடும். அன்று கலக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். வேறு எந்த மருந்தையும் இதோடு சேர்க்கவும் கூடாது.

கடைச் சுண்ணாம்பில்தான் ஏமாறுவீர்கள். சுவருக்கு அடிக்க வைத்திருக்கும் பழைய தூள் சுண்ணாம்பு காற்றுப் பட்டு வீரியம் போயிருக்கும். கட்டியாக இருக்கும் சுட்ட சுண்ணாம்பாகக் கேட்டு வாங்குங்கள்.

5. துளிர் முதல் பூ வரை: இந்த நாற்பத்தைந்து நாள்தான் உங்கள் வருடம்

இந்த நாட்களில் வாரக் கடைசியில் மட்டும் வந்து பார்க்கும் தோட்டம் பிழைக்காது. மழை பெய்த அன்றோ மறுநாளோ யாராவது இருந்தாக வேண்டும். நாங்கள் பக்கத்து ஊரில் ஒருவரிடம் சொல்லி, தினமும் காலையில் பத்துக் கொடியின் இலைகளைத் திருப்பிப் படம் எடுத்து அனுப்பச் செய்கிறோம். அதற்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்கிறோம். இதைவிட உருப்படியான செலவு எங்கள் கணக்கில் வேறு இல்லை.

ஆபத்து எப்போது என்பதற்கு உலகம் முழுக்க விவசாயிகள் சொல்லும் பத்து-பத்து-பத்துக் கணக்கு ஒன்று உண்டு: துளிர் 10 சென்டிமீட்டர், ஒரு நாளில் மழை 10 மில்லிமீட்டர், வெப்பம் 10 டிகிரிக்கு மேல். பெங்களூரில் வெப்பம் எப்போதும் அதற்கு மேல்தான். அதனால் துளிரையும் மழையையும் பார்த்தால் போதும்.

மருந்துகளில் இரண்டு விதம். மேலே படிந்து காப்பவை செம்பு, மேன்கோசெப் போன்றவை. இவற்றை மழைக்கு முன்னால் அடித்தால்தான் பலன். செடிக்குள் ஊடுருவுபவை மெட்டலாக்சில், டைமெத்தோமார்ப், சைமாக்சனில் போன்றவை. மழை முடிந்த ஒன்றிரண்டு நாளுக்குள், பொட்டு தெரியும் முன்பே அடிக்க வேண்டும். வெள்ளைப் பஞ்சு பூத்து நிற்கும்போது ஊடுருவும் மருந்தை மட்டும் திரும்பத் திரும்ப அடித்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். பிறகு அந்த மருந்து உங்களுக்கும் உதவாது, பக்கத்துத் தோட்டத்துக்கும் உதவாது. ஒரே வகை மருந்து ஒரு பருவத்தில் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். அடுத்தடுத்தும் வேண்டாம்.

அடிக்கும்போது இலையின் அடிப்பக்கம் நனைகிறதா என்று நீங்களே பந்தலுக்குக் கீழே போய்ப் பாருங்கள். டவுனி நுழைவது அடிப்பக்கத்துத் துளைகள் வழியாகத்தான். மேலே இருந்து அடித்துவிட்டுப் போனால் மருந்து முழுக்க வீண். இலை நிறைந்த பந்தலுக்கு ஏக்கருக்கு 400 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். 200 லிட்டரில் முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் அவர் பாதி இலையை நனைக்கவில்லை என்று அர்த்தம். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். ஆட்கள் "பரவால்லண்ணா" என்பார்கள், விடாதீர்கள்.

மருந்தைத் தவிர மூன்று வேலை. தேவையில்லாத துளிரைக் கிள்ளிப் பந்தலில் காற்று போக விடுங்கள். தண்ணீரைச் சொட்டு நீராகக் காலையில் விடுங்கள், மாலையில் வேண்டாம். யூரியாவை இந்த நாட்களில் தொடவே வேண்டாம். கொழுத்த துளிரைத்தான் நோய் முதலில் பிடிக்கும்.

6. டிசம்பரிலிருந்து சாம்பல் நோய்

மழை நின்றதும் நிம்மதி என்று நினைக்கும்போது இது வரும். காய் பட்டாணி அளவு ஆகும் வரை மிகவும் கவனம். இளங்காயில் விழுந்த நோய்தான் பின்னால் வெடிப்பாகத் தெரியும். காய் பிடித்ததும் கொத்தைச் சுற்றி அடிப்பக்கத்தில் உள்ள மூன்று நான்கு இலைகளை எடுத்து வெளிச்சம் விழச் செய்யுங்கள்.

மருந்தில் மலிவானது நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். மூன்று விஷயத்தில் எச்சரிக்கை. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் மாதிரி எண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். 'பெங்களூர் புளூ' அமெரிக்க இனத்தின் கலப்பு, அந்த இனத்தில் சில ரகங்களுக்குக் கந்தகம் ஒத்துக்கொள்ளாது. அதனால் முதலில் இரண்டு கொடியில் அடித்து நான்கு நாள் பார்த்த பிறகு மீதிக்குப் போங்கள்.

7. காகிதங்கள்

இதை ஜூன் தொடக்கத்திலேயே ஆரம்பியுங்கள். கவாத்து சமயத்தில் தேடினால் காலம் கடந்திருக்கும்.

முதலில் பஹணி, அதாவது நிலம் யாருடையது, என்ன பயிர் என்று எழுதிய அரசுப் பதிவேடு. மாநில அரசின் பூமி இணையதளத்தில் எடுத்து, அதில் பயிர் என்ன என்று பாருங்கள். எங்கள் பஹணியில் பழைய உரிமையாளர் காலத்து ராகியே இருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. காப்பீட்டுக்குப் போட்ட விண்ணப்பம் அதனாலேயே தள்ளுபடி ஆனது. பயிர்க் கணக்கெடுப்பு நடக்கும்போது கிராம நிர்வாக அலுவலரைப் பிடித்துத் திராட்சை என்று பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது ஃப்ரூட்ஸ் எண், கர்நாடக அரசு விவசாயிக்குத் தரும் பதிவு எண். ஆதார், பஹணி, வங்கிப் புத்தகத்தோடு ரைத சம்பர்க்க கேந்திரத்திலோ (விவசாயத் துறையின் உள்ளூர் மையம்) தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ பதிவு செய்யலாம். மானியம், காப்பீடு எல்லாவற்றுக்கும் இந்த எண்ணைக் கேட்கிறார்கள். ஆதாரில் உள்ள பெயரும் பஹணியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நம் ஆட்களுக்குத் தமிழ் இனிஷியல் ஒரு பக்கம், கன்னடத்தில் எழுதிய அப்பா பெயர் ஒரு பக்கம் என்று இருக்கும். இதைச் சரி செய்யவே எங்களுக்கு ஆறு வாரம் ஆனது.

மூன்றாவது வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீடு. தோட்டப் பயிருக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். உங்கள் பகுதிக்குத் திராட்சை அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று மாநிலத்தின் பயிர்க் காப்பீட்டுத் தளமான சம்ரக்ஷணேயிலோ வங்கியிலோ முதலில் கேளுங்கள். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: அழுகிய கொத்தைக் காட்டி இதில் பணம் கேட்க முடியாது. மழைமானி, வானிலை நிலைய அளவுகளை வைத்துத்தான் கணக்கு.

குத்தகைக்கு எடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டப்படி விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடவே பொதுவாக அனுமதி இல்லை. முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டாலும் காப்பீடும் மானியமும் பஹணியில் பெயர் உள்ளவருக்குத்தான். மருந்துச் செலவு உங்களுடையது, இழப்பீடு அவருடையது என்று ஆகிவிடும். 2020 திருத்தத்துக்குப் பிறகு விவசாயி அல்லாதவரும் நிலம் வாங்கலாம் என்பதால்தான் நாங்கள் கடன் பட்டாவது வாங்கினோம்.

நான்காவது தெளிப்பு நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, மருந்தின் பெயர், அளவு, எத்தனை லிட்டர், யார் அடித்தது, அன்று மழை உண்டா. கடை ரசீதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் எழுதச் சொல்லி நோட்டிலேயே ஒட்டிவிடுங்கள். ரசீது தராத கடையில் வாங்காதீர்கள்.

8. செலவு

ஒரு ஏக்கருக்கு ஒரு தெளிப்புக்குச் சராசரியாக மருந்து 1,300, இரண்டு ஆள் கூலி 1,400, மொத்தம் 2,700 ரூபாய் எங்களுக்கு ஆனது. போன பருவத்தில் பதினான்கு தடவை அடித்தோம், கிட்டத்தட்ட 38,000. பார்க்க அதிகமாகத் தெரியும். முதல் வருடம் எட்டுத் தடவைதான் அடித்தோம், ஆனால் நோய் வந்த பிறகு விலை உயர்ந்த மருந்தாக வாங்கியதில் அதற்கும் இதே அளவு செலவானது, விளைச்சலும் போனது. ஒரு ஏக்கருக்குள் இருப்பவர்கள் விசைத் தெளிப்பானை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கே கிடைக்கும். ஆனால் மழைக்கு அடுத்த நாள் ஊரில் எல்லோரும் அதையே கேட்பார்கள். பருவ ஆரம்பத்திலேயே முன்பணம் கொடுத்துச் சொல்லி வையுங்கள்.

9. அறுவடைக்கு முந்தைய இரண்டு மாதமும் வைன் ஆலையும்

எங்கள் லோடு திரும்பி வந்த கதை இங்கேதான். சாப்பிடும் பழத்தில் ஒன்றிரண்டு காயில் விபூதி இருந்தால் துடைத்து விற்றுவிடலாம். வைனில் அது நடக்காது. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு காயில் சாம்பல் நோய் இருந்தாலே ரசத்தில் காளான் மாதிரி ஒரு மண் வாடை ஏறும். வெடித்த காய்களில் காடிக் கிருமி புகுந்து புளிப்பு வாடை சேர்த்துவிடும். டவுனியால் இலை உதிர்ந்த கொடியில் பழம் நிறம் மாறினாலும் சர்க்கரை ஏறாது. ஆலைக்காரர் சர்க்கரைமானியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

நோயை அடக்க அடிக்கும் மருந்தும் வைனைக் கெடுக்கும். அறுவடைக்குப் பக்கத்தில் கந்தகம் அடித்தால், நொதிக்கும்போது ஈஸ்ட் அதிலிருந்து அழுகிய முட்டை வாடையை உண்டாக்கும். செம்பு அதிகம் தங்கினால் ஈஸ்டே சோர்ந்து நொதிப்பு பாதியில் நின்றுவிடும். எங்கள் நோட்டில் கடைசிக் கந்தகத் தேதியைப் பார்த்துத்தான் அவர்கள் லோடை மறுத்தார்கள். அவர்கள் மேல் தவறு சொல்ல முடியாது.

எந்த மருந்துக்கு அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்ற பட்டியலைப் புனே அருகே மாஞ்சரியில் உள்ள தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் வெளியிடுகிறது. நான் பார்த்த பட்டியலில் மேன்கோசெப்புக்கு 66 நாள் இருந்தது. அப்படியானால் பூ முடிந்ததுமே அதை நிறுத்தியாக வேண்டும். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், கவாத்துக்கு முன் புதியதைப் பார்த்து உங்கள் கடைசித் தேதிகளைக் காலண்டரில் எழுதிவிடுங்கள்.

ஆலையோடு பேசும்போது வாய்ப்பேச்சில் விடாதீர்கள். குறைந்தபட்சச் சர்க்கரை அளவு, எத்தனை சதவீதம் நோய்க் காய் வரை ஏற்பார்கள், கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் எத்தனை நாள், லோடு மறுக்கப்பட்டால் வண்டி வாடகை யாருடையது என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். யாரை அணுகுவது என்று தெரியாதவர்கள் பெங்களூரில் உள்ள கர்நாடக வைன் வாரியத்தில் விசாரிக்கலாம்.

மிஞ்சியதை நாமே வைனாக்கி விற்கலாமே என்று தோன்றும். கலால் துறை உரிமம் இல்லாமல் செய்ய முடியாது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமமும் வேண்டும். நோய்ப்பட்ட பழத்தைக் கழிக்க அது வழியே இல்லை.

அறுவடைக்கு இரண்டு நாள் முன்னால் பூதக்கண்ணாடியோடு ஒரு சுற்று போய், விபூதி பிடித்த கொத்துக்குச் சிவப்பு நூல் கட்டுங்கள். அதை மட்டும் முதலில் தனியாக வெட்டி வெளியே எடுத்துவிடுங்கள். மீதியைப் பனி உலர்ந்ததும் வெட்டி, 20 கிலோ கிரேட்டுகளில் நசுங்காமல் அடுக்கி, வெயில் ஏறும் முன் வண்டி கிளம்பிவிட வேண்டும். தெளிப்பு நோட்டை ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்பாமல், முதல் லோடோடு நீங்களே போங்கள்.